ஏலகிரிக்கு எம்டிபியில் ஏறலாமா, ரோடு பைக் வாங்கியே ஆக வேண்டுமா?

மேடவாக்கம் மிதிவண்டி:

வணக்கம் மக்களே. ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவான்மியூரில் கூடும் ஒரு குழுவோடு ஈசிஆரில் ஓட்டுகிறேன். வழக்கமாக முட்டுக்காடு அல்லது கோவளம், எல்லோருக்கும் நேரம் இருந்தால் மகாபலிபுரம். என்னுடையது 26 இஞ்ச் எம்டிபி, அதாவது மவுண்டன் பைக். முன்னால் சஸ்பென்ஷன், பட்டன் டயர், முன்பக்கம் 42-32-22 பல் என்று மூன்று செயின்ரிங் (பெடலோடு சுற்றும் பல்சக்கரம்), பின்னால் 11 முதல் 32 பல் வரை கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு). மற்ற எல்லோரிடமும் ரோடு பைக்தான். நான் போய் நின்றதும் "டிராக்டர் வந்தாச்சு, கிளம்பலாம்" என்று சத்தம் கிளம்பும். சிரித்துக்கொண்டே சொல்வதுதான், டீக்கடையில் எனக்காகக் காத்திருந்து டீயும் சொல்லி வைப்பார்கள், அதனால் மனசில் ஒன்றும் இல்லை. ஆனால் அக்கரை தாண்டி அவர்கள் 30-ல் போக ஆரம்பித்தால் ஒட்டிக்கொண்டு போக முடிவதில்லை.

இப்போது ஜனவரியில் ஏலகிரி போகலாம் என்று பேச்சு. சமதளத்திலேயே பின்தங்குகிற நான் 14 கொண்டை ஊசி வளைவுக்கு என்ன செய்வேன் என்று ஒரே யோசனை. குழுவில் ஒருவர் பழைய ரோடு பைக் ஒன்று விலைக்கு வருகிறது, எடுத்துக்கொள் என்கிறார். வீட்டில் இந்த வருஷம் பள்ளிக்கூட ஃபீஸ், அது இது என்று செலவு அதிகம், ஆனால் உண்மையிலேயே தேவை என்றால் ஏதாவது செய்து வாங்கிவிடுவேன். இன்னொன்று, சென்னையில் மலையே இல்லாமல் ஏற்றத்துக்கு எங்கே பழகுகிறீர்கள்?

ஈசிஆர் விடியல்:

வாங்காதீர்கள். மலைக்கு உங்கள் வண்டிதான் சரி, கணக்கோடு சொல்கிறேன்.

முன்னால் 22, பின்னால் 32 போட்டால் பெடல் ஒரு சுற்று சுற்றும்போது உங்கள் வண்டி சுமார் 1.4 மீட்டர்தான் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 5 கிமீ. அந்த வேகத்தில் மூச்சு வாங்காமல் பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஏறலாம். உங்கள் நண்பர்களிடம் காம்பாக்ட் கிராங்க், அதாவது முன்னால் 50-34 பல், பின்னால் 28 வரை இருந்தால், இருப்பதிலேயே லேசான கியரில் ஒரு சுற்றுக்கு 2.5 மீட்டர். அதே 60 சுற்றுக்கு அவர்கள் 9 கிமீ வேகத்தைப் பிடித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் 40, 35 என்று சுற்று குறைந்து முட்டிதான் அடி வாங்கும். ஏற்றத்தில் அவர்கள் உங்களைவிட வேகமாகப் போவார்கள், அதில் சந்தேகம் இல்லை, வண்டியும் எடை குறைவு. ஆனால் பாதியில் இறங்கித் தள்ளுவது நீங்களாக இருக்கமாட்டீர்கள்.

அந்தப் பழைய ரோடு பைக்கில் என்ன கியர் என்று கேட்டுப் பாருங்கள். பழையது என்றால் பெரும்பாலும் 53-39, பின்னால் 25தான் இருக்கும். புதிதாக மலை ஏறுகிற ஒருவர் 39-25ல் ஏலகிரி ஏறினால் அடுத்த நாள் மாடிப்படி இறங்கக்கூட முடியாது.

பல்லாவரம் ரோடி:

விடியல் அண்ணா மலைக்குச் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கஷ்டத்துக்கும் ஒரு வழி சொல்ல வேண்டும் இல்லையா? தல, முதலில் அந்த பட்டன் டயரைக் கழற்றுங்கள். தார் ரோட்டில் 'ர்ர்ர்' என்று வருகிற சத்தம் முழுக்க நீங்கள் மிதித்த மிதிதான். 26 x 1.5 அளவில் பட்டன் இல்லாத ஸ்லிக் டயர் கிடைக்கும், உங்கள் ரிம்மிலேயே உட்காரும், டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கிற அளவுக்குள் நன்றாகக் காற்றடியுங்கள். சஸ்பென்ஷனில் லாக்அவுட் (அது அமுங்காமல் பூட்டும் வசதி) இருந்தால் ஈசிஆரில் பூட்டியே வையுங்கள். சீட்டையும் பாருங்கள், எம்டிபி ஓட்டுகிற நிறைய பேர் தரையில் கால் ஊன்ற வசதியாகத் தாழ்த்தி வைத்திருப்பார்கள். பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசாக மட்டும் மடங்க வேண்டும்.

நான் ரோடு பைக்காரன்தான், வாங்கச் சொல்லி ஆசை காட்டுவதில் எனக்கு சந்தோஷம் உண்டு. ஆனாலும் ஃபீஸ் கட்ட வேண்டிய வருஷத்தில் வேண்டாம். பிரெவே என்று நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம் உண்டு, அதில் 200 கிமீக்கு 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள், சராசரி 15 கிமீ கூட வராது. எம்டிபியில் போய் அதை முடிப்பவர்கள் உண்டு. இந்த வண்டியால் தூரம் போக முடியாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பழக இடம்: பரங்கிமலை. மேலே சர்ச் வரைக்கும் வண்டி போகிற ரோடு இருக்கிறது, 300 அடி உயரம்தான், ஆனால் நறுக்கென்று ஏறும். விடியற்காலையில் போய் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பழகுங்கள். கோயில், சர்ச் பக்கம் வருகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், இறக்கத்தில் மெதுவாக. மேம்பாலங்களில் ஏறிப் பழகச் சொல்வார்கள், ரேடியல் ரோட்டில் கீழ்க்கட்டளை மேம்பாலம் எனக்குப் பக்கம்தான், இருந்தும் நான் போவதில்லை. பின்னால் வருகிற லாரிக்கு மேம்பாலத்தின் மேல் நாம் இருப்பது கடைசி நிமிடத்தில்தான் தெரியும்.

பெசன்ட் நகர் பெடல்:

தம்பி, மலை இல்லை என்று கவலைப்படாதே, காற்று இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் இருந்து வாடைக்காற்று வடகிழக்கில் இருந்து வரும். மகாபலிபுரம் போகும்போது முதுகில் தள்ளும், எல்லோரும் தாங்கள் பெரிய ரேஸர் என்று நினைத்துக்கொண்டு மிதிப்பார்கள், திரும்பும்போது முகத்தில் அறையும். கோடையில் இதற்கு நேர்மாறு, தென்காற்றில் போவது கஷ்டம், திரும்புவது சுகம். முட்டுக்காடு பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அந்தக் காற்றில் யார் பின்னாலும் ஒளியாமல், கியரைக் குறைத்து ஒரே சீராக மிதித்துப் பழகினால் ஏலகிரியில் கால் தானாக அந்தத் தாளத்துக்கு வந்துவிடும். நான் கொல்லிமலை 70 வளைவுக்கு இப்படித்தான் தயாரானேன், வேறு ஒரு பயிற்சியும் கிடையாது.

பயம் ஏற்றத்தில் வேண்டாம், இறக்கத்தில் வேண்டும். எம்டிபியில் வி-பிரேக் (ரிம்மைப் பிடிக்கிற பிரேக்) என்றால் கிளம்புவதற்கு முன் புது பிரேக் பேட் போட்டுவிடு. இறங்கும்போது பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கும் அபாயம் உண்டு. நேரான இடத்தில் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறை, அப்புறம் விட்டுவிட்டு வளைவில் திரும்பு. பஸ் வளைவில் முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும், அதற்கு வேறு வழி இல்லை, நீ இடது ஓரத்தை விடாதே. குரங்கு நிறைய உண்டு, வாழைப்பழத்தைக் கண்ணில் படும்படி பையில் தொங்கவிடாதே.

மேலே போனதும் குளிர்கிற மாதிரி இருந்தால் ஒரு மெல்லிய ஜாக்கெட் போட்டுக்கொண்டு இறங்கு, வியர்த்த உடம்போடு இறங்கினால் விரல் விறைத்து பிரேக் பிடிக்க வராது.

மேடவாக்கம் மிதிவண்டி:

அக்கா, அண்ணா, ப்ரோ எல்லோருக்கும் நன்றி. அந்தப் பழைய வண்டியைக் கேட்டுவிட்டேன், 53-39, 25 தான்! வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டயரும் பிரேக் பேடும் இந்த வாரம் வாங்குகிறேன். ஜோலார்பேட்டை வரைக்கும் ஒரு வேன் பேசி, பின்சீட்டைக் கழற்றி எல்லா வண்டியையும் அடுக்கலாம் என்கிறார்கள். கடல்காற்றில் என் செயின் ஏற்கெனவே துருப் பிடிக்கிறது, அதையும் மாற்றிவிடவா?

ஈசிஆர் விடியல்:

செயின் செக்கர் (செயின் தேய்ந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 0.75 சதவீதம் காட்டினால் மாற்றுங்கள். மேலோட்டமான துரு என்றால் துடைத்து எண்ணெய் விட்டால் போதும், ஈசிஆர் போய் வந்த அன்றைக்கே ஈரத்துணியால் துடைத்துவிடும் பழக்கம் வந்தால் துரு ஏறாது.

ஏலகிரி உயரம் சுமார் 1,100 மீட்டர், ஆனால் ஜோலார்பேட்டையே கிட்டத்தட்ட 400 மீட்டரில் இருப்பதால் நீங்கள் ஏறப்போவது அந்த மிச்சம்தான். வேனில் அடுக்கும்போது இரண்டு பெடலையும் கழற்றுங்கள், இடது பெடல் மறை தலைகீழ், கடிகாரம் சுற்றுகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். படுக்க வைப்பதாக இருந்தால் செயின் பக்கம் மேலே இருக்கட்டும், டீரெய்லர் (செயினைத் தள்ளி கியர் மாற்றும் பாகம்) ஒடிந்தால் மலையடிவாரத்தில் ஸ்பேர் கிடைக்காது. நடுவில் பழைய போர்வை போடுங்கள்.

பல்லாவரம் ரோடி:

வேனில் ஒரு இடம் காலியாக இருந்தால் சொல்லுங்கள் தல, ஜனவரியில் எனக்கு வேலை எதுவும் இல்லை. பெட்ரோல் செலவில் என் பங்கைத் தந்துவிடுகிறேன், பம்பும் டூல் கிட்டும் நான் கொண்டுவருகிறேன்.