கற்பூரவள்ளிக் கஷாயம்: வாசம் போனால் சத்தும் போய்விடுமா?

மாடித்தோட்டம்:
மாடியில் நாலு தொட்டியில் கற்பூரவள்ளி காடு மாதிரி மண்டிக் கிடக்கிறது. தினமும் காலையில் ஐந்தாறு இலை கொதிக்கவைத்துக் குடிக்கிறேன். ஆன்டிஆக்ஸிடன்ட் ஏராளம் என்று குடும்பக் குழுவில் போட்டால், சித்தப்பா "கொதிக்கவைத்தால் எல்லாம் ஆவியாகிவிடும், பச்சையாக மென்று தின்னு" என்கிறார். யார் சொல்வது சரி?

ஓமப்பொடி:
சித்தப்பாதான். இலையைத் தொட்டாலே கையில் ஒட்டும் வாசம், அதன் வாசனை எண்ணெயில் இருக்கும் கார்வக்ரால், தைமால் என்ற இரண்டு பொருள்கள்தான். ஓமத்தில் இருப்பதும் இதே தைமால்தான், ஓமவல்லி என்ற பெயர் சும்மா வரவில்லை. இரண்டுக்கும் ஒரே வாய்பாடு, சி10எச்14ஓ, கார்பன் வளையத்தில் ஓஎச் (ஆக்ஸிஜன்-ஹைட்ரஜன் ஜோடி) உட்காரும் இடம் மட்டும்தான் வேறு. அந்த ஓஎச்தான் ஹைட்ரஜனைக் கொடுத்து ஃப்ரீ ராடிக்கலை, அதாவது செல்களைச் சேதப்படுத்தும் துடுக்கான மூலக்கூறை, அடக்குகிறது, ஆன்டிஆக்ஸிடன்ட் வேலை என்பது இதுதான். கஷாயம் கொதிக்கும்போது வீடெல்லாம் மணக்கிறதே, அதெல்லாம் டம்ளரில் இருந்திருக்க வேண்டியது!

குடுவை:
பாதி சரி, பாதி அவசரம். வாசம் தருவது மட்டும்தான் சத்தா? இதே இலையில் ரோஸ்மரினிக் அமிலம் இருக்கிறது. 1958-இல் இத்தாலியர்கள் ரோஸ்மேரியிலிருந்து பிரித்தெடுத்த பொருள், அதனால் அந்தப் பெயர். இதற்கு மணம் கிடையாது, நீரில் கரையும், ஆவியோடு ஓடாது. ஆன்டிஆக்ஸிடன்ட் பலத்தை அளக்கும் டிபிபிஎச் சோதனையில் ஊதா நிறக் கரைசல் மஞ்சளாக வெளுப்பதை 517 நானோமீட்டரில் அளப்போம், அதில் கார்வக்ராலைவிட ரோஸ்மரினிக் அமிலம்தான் பலசாலி, ஏனென்றால் அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓஎச் கொண்ட வளையமே இரண்டு இருக்கிறது. மூடி போட்டுக் கொதிக்கவையுங்கள், சித்தப்பாவுக்கும் பாதி வெற்றி.

ஓமப்பொடி:
அப்படியானால் எண்ணெய்க்கு வேலையே இல்லையா? எண்ணெயை மட்டும் எடுத்துச் சோதித்தாலும் ஊதா வெளுக்கத்தான் செய்கிறது.

குடுவை:
வெளுக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சதைப்பற்றான இலை, பெரும்பகுதி தண்ணீர். ஐந்தாறு இலையில் எண்ணெய் எவ்வளவு தேறும்? அதுவும் ஓர் ஊர்ச் செடியில் கார்வக்ரால் அதிகம், இன்னோர் ஊர்ச் செடியில் தைமால் அதிகம். ஒரு கட்டுரையில் போட்ட சதவீதத்தை உங்கள் தொட்டிக்கு அப்படியே ஒட்டவைக்க முடியாது.

சந்தேகப்பிராணி:
இரண்டு பேரும் குடுவைக்குள்ளேயே சண்டை போடுகிறீர்கள். உங்கள் ஊதாக் கரைசல் மெத்தனால் என்ற ஆய்வகக் கரைப்பானில் இருக்கிறது, மாடித்தோட்டத்தின் ரத்தம் மெத்தனால் இல்லை. ரோஸ்மரினிக் அமிலத்தில் முழுசாக ரத்தத்துக்குப் போவது கொஞ்சம்தான், மீதியைக் குடல் பாக்டீரியா உடைத்துவிடுகிறது. அமெரிக்க வேளாண்மைத் துறை உணவுகளுக்கு 'ஓராக்' என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மதிப்பு போட்டு ஒரு பெரிய பட்டியல் வைத்திருந்தது, சோதனைக்குழாய் எண்ணுக்கும் உடம்பில் நடப்பதற்கும் பொருத்தமில்லை என்று 2012-இல் அதை எடுத்தேவிட்டார்கள். ஃபின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களை வைத்து நடந்த ஆய்வு தெரியுமா? 1994-இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அதுவும் ஆன்டிஆக்ஸிடன்ட்தானே?

ஓமப்பொடி:
தினம் 20 மில்லிகிராம் மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்கியதையும் நாலு இலைக் கஷாயத்தையும் ஒரே தராசில் வைக்கிறீர்களே, நியாயமா சார்?

சந்தேகப்பிராணி:
சரி, அளவு வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே நியாயப்படி, ஆய்வகத்தில் செறிவாக்கிய சாற்றின் எண்ணைக் காட்டி இந்த நாலு இலையைப் புகழவும் கூடாது. என் பாட்டி சளிக்குத்தான் இதைக் கொடுத்தாள். தொண்டைக்கு இதமாக இருந்தது, குடித்தேன். ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற பட்டத்தை நடுவில் நாம்தான் கட்டிவிட்டோம்.

குடுவை:
பட்டம் கட்டியதில் எனக்கும் பங்கு உண்டு, எம்எஸ்ஸி ப்ராஜெக்டே இதில்தான் செய்தேன் :) ஆனால் சோதனையே வீண் என்று சொல்லாதீர்கள். சமையல் எண்ணெய் சிக்குப் பிடிப்பதைத் தள்ளிப்போட இந்த மாதிரிப் பொருள்கள் உதவுகின்றன, அங்கே நேரடியாக வேலை செய்கிறது.

மாடித்தோட்டம்:
அப்படியென்றால் இன்றைக்கு மழை, கற்பூரவள்ளி பஜ்ஜி போடுகிறேன். கார்வக்ரால் எண்ணெயில் கரையுமா?

குடுவை:
நன்றாகவே கரையும். கொஞ்சம் சட்டியிலும் தங்கிவிடும்.