குளோசாபின் எடுக்கிறவங்க வீட்டார் யாராவது மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் இருக்கீங்களா?

எல்லாருக்கும் வணக்கம். எங்க அண்ணனுக்கு ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்). இப்போ நாகர்கோவில்ல ஒரு ஆஸ்பத்திரி வார்டுல இருக்காரு. காதுல கேட்ட குரலை நம்பி பக்கத்துக் கட்டில்காரரை அடிச்சிட்டாரு. சாதாரணமா அவரு சத்தம் போட்டுக்கூடப் பேசமாட்டாரு. அதனால 'பைத்தியம்னா அடிக்கத்தான் செய்யும்'னு யாரும் கமெண்ட் போட வேண்டாம்.

அன்னைக்கு அவரை அமைதிப்படுத்த ஹாலோபெரிடாலும் புரோமெதசினும் சேர்த்து ஊசி போட்டாங்க. இந்தச் சேர்க்கையை நம்ம வேலூர் சி.எம்.சி.யிலயே ஆராய்ஞ்சிருக்காங்க, அதுல எனக்குப் பயமில்ல. இந்த நோய்க்கான மருந்து ரிஸ்பெரிடோன், ஓலன்சாபின் ரெண்டும் பார்த்தாச்சு, போதல. இப்போ டாக்டர் குளோசாபின் சொல்லுதாரு. அடிதடியில இறங்குற உள்நோயாளிகளை வச்சு 2006-ல வந்த ஒரு ஆய்வுல, ஓலன்சாபின், ஹாலோபெரிடாலை விட இதுதான் மூர்க்கத்தை நல்லா குறைச்சிருக்கு.

இடிக்கிறது ரத்தப் பரிசோதனைதான். குளோசாபினால ரத்தத்துல வெள்ளணு குறைஞ்சிரலாம்னு முதல் 18 வாரம் வாராவாரம் பார்க்கணும். நம்ம பக்கம் நியூட்ரோஃபில் (வெள்ளணுவுல ஒரு வகை) எண்ணிக்கையோட அன்னைக்கே ரிசல்ட் தர்ற லேப் எது? மலச்சிக்கலையும் ராத்திரி எச்சில் வடியுறதையும் எப்படி சமாளிச்சீங்க? (மலச்சிக்கலைச் சாதாரணமா விட்டா ஆபத்தாம்.)

இன்னொண்ணு, பீடி. வார்டுல கிடையாது, வீட்டுக்கு வந்தா கண்டிப்பா இழுப்பாரு. புகை ரத்தத்துல இந்த மருந்தோட அளவைக் குறைச்சிரும். உங்க வீட்டுல அப்படி ஆயிருக்கா?

மருந்தை மாத்தச் சொல்லாதீங்க, அதை டாக்டர்கிட்ட பேசிக்கிடுதேன். இங்க சொல்லத் தயங்குனா இன்பாக்ஸ்ல வாங்க.