48 வீடுகளுக்கான பச்சைவீட்டு வாயுக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

கோப்பாய்வாசி (கேள்வி):

யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள எங்கள் ஊரில் ஏழு ஏக்கர் தோட்டக் காணியை இரண்டு இரண்டு பரப்பாக (16 பரப்பு ஓர் ஏக்கர்) பிரித்து 48 வீடுகள் கட்டும் முன்மொழிவொன்று சனசமூக நிலையத்தின் பார்வைக்கு வந்துள்ளது. சூழலுக்குப் பாதிப்பில்லை என்பதற்கு ஆதாரமாக, கூரைகளில் சோலார் பனல் பொருத்தப்படும் என்ற ஒற்றை வரி மட்டுமே அதில் இருக்கிறது. வீடுகளின் எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தால், 1993ஆம் ஆண்டு வர்த்தமானியின்படி 1,000 வீடுகளைத் தாண்டும் திட்டங்களுக்கே சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாகும். ஆகவே கேட்க வேண்டியவர்கள் நாங்கள்தான். 750 சதுர அடியில், கொங்கிறீட் தட்டுக் கூரையுடன் அமையும் ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 300 பை சீமெந்து போகும் என்று எங்கள் மேசன் சொல்கிறார். கணக்கில் எதைச் சேர்க்க வேண்டும், எதை விடலாம்?

திருநெல்வேலிப் பொறியியலாளர்:

ஐயா, அந்த 300 பையிலிருந்தே தொடங்குங்கள். சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது கல்லுக்குள் இருக்கும் காபனீரொட்சைட்டே வெளியேறிவிடுவதால், சூளைக்கு எந்த எரிபொருளைப் போட்டாலும் சீமெந்தின் உமிழ்வில் பெரும்பகுதியைத் தவிர்க்க முடியாது. சாதாரண போட்லண்ட் சீமெந்தில் கிலோவுக்கு 0.85 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும் என்று கொண்டால், 15 தொன் சீமெந்து ஒரு வீட்டுக்கு 12.75 தொன்னையும் 48 வீடுகளுக்கு ஏறக்குறைய 612 தொன்னையும் தருகிறது. காங்கேசன்துறை ஆலை 1990இல் மூடப்பட்ட பின் நம் வீடுகளுக்குச் சீமெந்து புத்தளத்திலிருந்தோ கடல் கடந்தோ வருகிறது. புகை வேறெங்கோ எழுந்தாலும் அதை வீட்டின் கணக்கிலேயே எழுத வேண்டும்.

இதை மின்சாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாதம் 90 அலகு பாவிக்கும் குடும்பத்துக்கு, அலகுக்கு அரைக் கிலோ காபனீரொட்சைட்டு என்று வைத்தாலும் ஆண்டுக்கு 540 கிலோதான் வரும். மழை குறைந்து நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் பங்கு கூடினால் அது உயரும், நீர்மின் கூடினால் இறங்கும். எப்படியும், ஒருவரும் குடிபுகுவதற்கு முன்பே சுமார் 23 ஆண்டு மின்சாரத்துக்குரிய உமிழ்வு சீமெந்தால் மட்டும் நிகழ்ந்துவிடுகிறது. பனல் நல்லதே, ஆனால் இந்தக் கடனை அது அடைப்பதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். தட்டுக் கூரையை விட்டு மரச்சட்டமும் ஓடும் போட்டால் சீமெந்தும் கம்பியும் குறையும்; பங்குனி, சித்திரை வெயிலில் வீடும் அவ்வளவு கொதிக்காது. ஓடு சுடுவதற்கும் விறகு வேண்டுமே என்று யாராவது கேட்டால், அதையும் கூட்டிக் காட்டுங்கள்.

2016இல் வடக்கு, கிழக்கிற்கு 65,000 உருக்கு வீடுகள் முன்மொழியப்பட்டபோது வெப்பத்தையும் செலவையும் ஆயுளையும் பற்றி நாம் நிறையப் பேசினோம். உருக்கு உற்பத்தியில் வெளியாகும் காபனைப் பற்றியும் அன்றே கேட்டிருக்கலாம்.

நீர்வேலி:

சல்லி ஏற்றிவரும் லொறிகளைப் பற்றித்தான் எங்கள் ஊரில் எல்லோரும் முறையிடுகிறார்கள். குடாநாடு சுண்ணக்கல் தரை என்பதால் கருங்கல் சல்லி வவுனியாப் பக்கமிருந்து ஏ9 வீதியால் வருகிறது. போய்வர 280 கிலோமீற்றர்; லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடினால் 70 லீற்றர் டீசல், அதாவது ஏறத்தாழ 190 கிலோ. ஒரு நடை ஐந்து பை சீமெந்துக்குக்கூட ஈடாகாது என்று கண்டபோது எனக்கே வியப்பாக இருந்தது. காணியிலுள்ள பனைகளை வெட்டத்தான் வேண்டுமென்றால், எரிக்காமல் சலாகையாகக் கூரைக்கு ஏற்றினால் அந்தக் காபன் பல பத்தாண்டுகள் மரத்திலேயே தங்கும்.

சுன்னாகம் வடக்கு:

ஒருவரும் தொடாத இடம் மலக்குழி (செப்டிக் டாங்கி). காற்றுப்படாத குழியில் மெதேன் உருவாகிறது. காலநிலை மாற்றம் தொடர்பான அரசுகளுக்கிடையிலான குழுவின் இயல்புநிலை மதிப்புகளை எடுத்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 40 கிராம் உயிரியல் ஒட்சிசன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஒட்சிசனின் அளவு), அதன் ஒரு கிலோவுக்கு 0.6 கிலோ மெதேன், மலக்குழிக்குரிய காரணி 0.5, ஆக ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 4.4 கிலோ மெதேன். நூறாண்டுக் கணக்கில் மெதேன் காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டும் என்பதால் அதை 28ஆல் பெருக்கினால் நால்வர் குடும்பத்துக்கு ஏறக்குறைய 490 கிலோ காபனீரொட்சைட்டுச் சமவலு வருகிறது. மேலே சொன்ன மின்சாரக் கணக்கோடு இது கிட்டத்தட்ட சமம்! இரண்டு பரப்புக்குள் கிணறும் குழியும் அடுத்தடுத்து அமையும்போது நைத்திரேற்று நிலத்தடி நீருக்குள் இறங்குவது வேறு. 48 வீடுகளுக்கும் பொதுவான சுத்திகரிப்பு அமைப்பொன்றைக் கேளுங்கள். வாயுவும் குறையும், கிணறும் தப்பும். ஆனால் அதன் பம்பிக்கு ஆகும் மின்சாரத்தையும் பராமரிப்பவர் யார் என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இன்னுமொன்று: இந்தக் குடும்பங்கள் இங்கு வராவிட்டால் எங்கே, எத்தகைய வீட்டில் இருப்பார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதாவிட்டால், 612 தொன் கூடவா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது.

கோப்பாய்வாசி:

எல்லோருக்கும் நன்றி. மேசனிடம் ஓட்டுக் கூரைக்குத் தனி மதிப்பீடு கேட்டிருக்கிறேன். முன்மொழிவை மீண்டும் புரட்டிப் பார்த்தேன். மலக்குழி வரைபடத்தில் சிறு வட்டமாக மட்டும் இருக்கிறது, கிணற்றுக்கும் அதற்கும் இடையிலான தூரம்கூடக் குறிக்கப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முதலில் அதைத்தான் கேட்கப்போகிறேன்.