பூஞ்சை பிடித்த கேசட்டுகளைக் காப்பாற்ற உதவி தேவை

எங்கள் ரோட்டரி சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் தங்கள் வாழ்க்கைக் கதையைச் சொன்ன கேசட்டுகள் கெட்டுக்கொண்டிருக்கின்றன. புதிதாகச் சேர்பவர் தன் தொழிலையும் வளர்ந்த விதத்தையும் பற்றிக் கூட்டத்தில் பேசுவது ரோட்டரியில் வழக்கம். 1990-களில் பேசியதைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். பேசியவர்களில் பலர் இன்று இல்லை.

ஒன்றில், 1995 டிசம்பரில் பல்ஸ் போலியோ தொடங்கியபோது சொட்டு மருந்து ஐஸ் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனதை ஓர் அச்சகக்காரர் சொல்கிறார். "அந்தம்மா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு..." என்ற இடத்தில் குரல் அமுங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு என்ன சொன்னார் என்று அவர் மகளுக்கே தெரியவில்லை.

இடம் காரைக்குடி. எல்லாம் டிடிகே நிறுவனத்தின் டி90 வகைக் கேசட்டுகள். போன மழைக்காலத்தில் அலமாரிக்குள் ஓதம் ஏறியதிலிருந்து நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை. ஓடும்போது கிறீச்சிடுகிறது, வேகம் குறைகிறது, சில கேசட்டுகள் பாதியில் நின்றுவிடுகின்றன.

பிளேயரின் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்தேன். நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றியதில் கிறீச்சொலி கொஞ்சம் குறைந்தது, குரல் தெளியவில்லை. ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் இரைச்சலைக் குறைத்தால் பேச்சும் சேர்ந்து போகிறது. இங்குள்ள ஸ்டுடியோவில் பூஞ்சை என்றதும் வாங்க மறுத்துவிட்டார்கள். மற்ற கேசட்டுகளுக்கும் பரவும் என்பதால் இப்போது எதையும் ஓட்டுவதில்லை. கூரியரில் அனுப்ப மனமில்லை, நானே கொண்டு வருவேன்.

மதுரை, திருச்சி அல்லது சென்னையில் பூஞ்சை பிடித்த நாடாவைச் சுத்தம் செய்து கணினிக்கு மாற்றித் தருபவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?