உப்புவெளியில் கண்ட பிரிட்டில் ஸ்டார்: எப்படி இனம் பிரிப்பது?

கேள்வி:
நேற்றுக் காலை கடல் வற்றின நேரம் திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் ஒரு கல்லைப் புரட்டினேன். ஐந்து கைப் பிரிட்டில் ஸ்டார் (நட்சத்திர மீனின் உறவு, மெல்லிய நீளக் கைகள் கொண்டது) இரண்டு, ஒன்று கறுப்பு, மற்றது வரிவரி. பக்கத்துக் கடற்பஞ்சுத் துளைக்குள் ஆறு கையோடு ஒரு குட்டி. நிறத்தை வைத்துப் பிரிக்கலாமா? தொட்டதும் கறுப்பன் ஒரு கையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவிட்டான்!

பதில்:
தம்பி, நிறத்தை நம்பாதேயும். ஒரே இனத்திலேயே அது மாறும். நடுத்தட்டின் மேற்புறத்தைப் பாரும்: மணல் ஒட்டினதுபோல மணிமணியாகவா, செதிலா, முள்ளா? அப்புறம் கவிழ்த்து வாயைப் பார்க்க வேண்டும், விஷயமே அங்கேதான். ஐந்து தாடைகளின் நுனியில் சிறு பற்கள் கொத்தாகவும், தாடை ஓரத்தில் மொட்டு வரிசையும் இருந்து, தட்டும் மணிமணியாக இருந்தால் ஓஃபியோகோமா என்ற பேரினத்தின் பக்கம் தேடும். ஓரம் வெறுமையாக, கைமுட்கள் கண்ணாடிபோலத் தெரிந்து அரம்போலப் பல் வைத்திருந்தால் ஓஃபியோதிரிக்ஸ் பேரினம். 10 மடங்கு லென்ஸ் போதும்.

இன்னொரு பதில்:
ஆறு கைக்காரன் ஓஃபியாக்டிஸ் சவிக்னி என்ற இனமாக இருக்கலாம். கடற்பஞ்சுக்குள் குடியிருக்கும், இரண்டாகப் பிளந்தும் பெருகும்; பிளந்த பாதியில் புதிதாக முளைக்கும் கைகள் குட்டையாக இருக்கும். மூன்று கை நீளம், மூன்று குட்டையா என்று பாருங்கோ.

கேட்டவர்:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மூன்று குட்டைதான்!

பதில்:
சரி, கல்லைப் பழையபடி கவிழ்த்து வைத்தீரா?