அப்பாவின் மூச்சை எண்ணிய ஒரு நிமிடம்

உசிலம்பட்டியிலிருந்து:

அப்பாவுக்கு வயது 71. ஐப்பசி அடைமழையில் நான்கு நாளாகச் சளி, இருமல். காய்ச்சல் 99.4-ஐத் தாண்டவே இல்லை. அதில்தான் நான் ஏமாந்தேன். மருந்துக் கடையில் கொடுத்ததை வாங்கி, மிளகு ரசமும் வைத்துக் கொடுத்து, சரியாகிவிடும் என்றே இருந்தேன். ஐந்தாம் நாள் காலையில், "தொழுவத்தில் மாடு கத்துகிறது, தண்ணீர் காட்டம்மா" என்றார். மாட்டை விற்று ஆறு வருடம் ஆகிறது. தூக்கக் கலக்கம் என்றார் என் கணவர். எனக்கு அடிவயிறு கலங்கியது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த இளம் மருத்துவர், ஸ்டெதஸ்கோப்பைத் தொடுவதற்கு முன்பே அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணத் தொடங்கினார். முழுதாக ஒரு நிமிடம், யாரையும் பேசவிடாமல். 32 வந்தது. நிமோனியா எவ்வளவு தீவிரம் என்று பார்க்க 'கர்ப்-65' என்று ஐந்து புள்ளிக் கணக்கு ஒன்று உண்டாம்; அதில் மூச்சு 30-ஐத் தொட்டாலே ஒரு புள்ளி என்றார். "ஐயா, இது எந்த ஊர்?" என்று கேட்டதற்கு அப்பா என் பாட்டியின் பெயரைச் சொன்னார். நான் அழுதுவிட்டேன். புத்தி தடுமாறுவதும் ஒரு புள்ளி. ரத்த அழுத்தம் 96/58. மேல் எண் 90-க்குக் குறையவில்லையே என்று நினைத்தேன். கீழ் எண் 60-க்கு இறங்கினாலும் கணக்கில் சேருமாம். வயது 65 தாண்டியது நான்காவது. ஐந்தாவது, ரத்தத்தில் யூரியா. அது 42 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பரிசோதனைக்கு அவர் காத்திருக்கவில்லை. "மூன்று வந்தாலே ஆபத்து, இங்கே நான்கு இருக்கிறது அக்கா" என்று சொல்லி, அவரே 108-ஐ அழைத்தார்.

ராஜாஜி மருத்துவமனை வரை வழியெல்லாம் ஆக்சிஜன். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதி வெள்ளையாக இருந்தது. யூரியா 61. ஒன்பது நாள் கழித்து வீடு திரும்பினோம். மாடு கத்துகிறது என்று சொன்ன அந்த நொடியே கிளம்பியிருக்க வேண்டும் என்பது இன்னும் என்னை விடவில்லை.

மேலூரிலிருந்து ஒரு செவிலியர்:

உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள் அக்கா. முதியவர்களுக்கு நிமோனியா பல நேரம் காய்ச்சலே இல்லாமல், குழப்பமாகத்தான் தலைகாட்டும். இதற்கு நேர் எதிரான ஒன்றை நான் பார்த்தேன். நிமோனியா வந்த என் தம்பிக்கு வயது 29. நீங்கள் சொன்ன கர்ப்-65 கணக்கில் அவனுக்குச் சுழியம். மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்தேன், 88 சதவீதம்தான். கை சில்லென்று இருந்தால் தப்பாகக் காட்டும் என்பதால் தேய்த்துச் சூடாக்கி மறுபடியும் பார்த்தேன். அதே 88. அந்த ஐந்து புள்ளிகளில் ஆக்சிஜன் அளவு சேரவே இல்லை. சுழியத்தை மட்டும் நம்பியிருந்தால் அவனை இழந்திருப்பேன். அன்றே சேர்த்தோம்.

திருமங்கலத்திலிருந்து:

என் அத்தைக்கு 68. வயதுக்காக ஒரே ஒரு புள்ளிதான். வீட்டிலேயே மருந்து சாப்பிடலாம் என்ற நிலை. ஆனால் மருத்துவர், "மாத்திரை வயிற்றில் தங்குகிறதா? வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று கேட்டார். "மகன் இருக்கிறான்" என்றார் அத்தை. மகன் இருப்பது திருப்பூரில். போட்ட மாத்திரையெல்லாம் இரண்டு நாளாக வாந்தி. நான்தான் உண்மையைச் சொன்னேன். மூன்று நாள் வார்டில் வைத்து ஊசி மருந்து கொடுத்தார்கள். அந்த மூன்று நாளும் அத்தை என்னோடு பேசவில்லை.