இன்சுலேஷன்: காப்பா, தடையா, தடுப்பா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

எடின்பரோவில் பழைய வீடொன்றை வாங்கியிருக்கும் என் தங்கை மகன், குளிர்காலத்தில் எவ்வளவு சூடேற்றினாலும் கூடத்தில் கதகதப்பு தங்குவதில்லை என்பதால், அதன் தலைக்கு மேலுள்ள பலகைத் தளத்தின் உத்தரங்களுக்கு நடுவே பஞ்சு திணிக்கப் போகிறான். சிங்கப்பூரின் தோ பாயோவில் மின்விசிறியின் கீழ் அமர்ந்து இதைச் சொன்ன தங்கை, அந்த வேலைக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டாள். 'இன்சுலேஷன்' என்பதற்குத் தமிழ்ச்சொல் எது என்று நம் குழுவில் இத்தனை நாள் விவாதித்தும் என்னால் உறுதியாக ஒரு சொல்லைத் தர முடியவில்லை.

'வெப்பத் தடுப்பு' என முன்மொழிந்த ஐயா, சிங்கப்பூரில் 'காப்பு' என்றதும் காப்புறுதிதான் (இன்சூரன்ஸ்) நினைவுக்கு வரும் என்று எழுதியிருந்தார். அது உண்மையே. ஆயினும் தடுப்பு என்பது கடக்கவிடாமல் நிறுத்துவது. பஞ்சு வெப்பத்தை நிறுத்துவதில்லை. தன் இழைகளுக்கிடையே காற்றை அசையவிடாமல் பிடித்துவைத்து, வெப்பம் கடக்கும் வேகத்தைக் குறைக்கிறது. மேலும், வீட்டின் ஈரக்காற்று குளிர்ந்த மரத்தைத் தொட்டு நீராகப் படியாதிருக்க, வெதுவெதுப்பான பக்கத்தில் ஒரு படலம் விரிப்பார்களே, அதற்கு 'நீராவித் தடுப்பு' என்ற பெயரே பொருந்தும். ஒரே தளத்துக்குள் இரண்டு வேறு பொருள்களைத் தடுப்பு என்றழைத்தால் படிப்பவர் குழம்புவார்.

'வெப்பத்தடை' என்பதை நான் இன்னும் வலுவாக மறுக்கிறேன். மின்தடை ஓர் அளவைக் குறிப்பதுபோல இதுவும் அளவுக்கே உரியது. 100 மில்லிமீட்டர் கனமுள்ள பஞ்சின் கடத்துதிறன், அதாவது வெப்பத்தைக் கடத்தும் திறன், மீட்டர் கெல்வினுக்கு 0.04 வாட் என்றால், கனத்தை மீட்டரில் 0.1 எனக் கொண்டு அதை 0.04ஆல் வகுத்து வரும் 2.5 என்பதுதான் அதன் வெப்பத்தடை. அந்தச் சொல்லைப் பொருளுக்குக் கொடுத்துவிட்டால் அளவுக்கு எதைச் சொல்வோம்?

ஆகவே என் தெரிவு 'வெப்பக்காப்பு'. அது வெப்பத்தைக் காப்பதா, வெப்பத்திலிருந்து காப்பதா என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். இரண்டும்தான். அந்த இருபொருளே இச்சொல்லின் தகுதி என்று நான் கருதுகிறேன். எடின்பரோவில் உள்ளிருக்கும் சூட்டைக் காக்கும் அதே பஞ்சு, இங்கே சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் மேல்மாடியில் கூரைச் சூட்டிலிருந்து காக்கும். வெப்பம் எப்போதும் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குத்தான் போகும் என்பதால் பொருளின் பணி மாறுவதில்லை. மின்காப்பு, ஒலிக்காப்பு என இனச்சொற்களும் அமைகின்றன. காப்பிடுதல் என்ற வினையும் கைவசம் இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களின் 'காவலி'யும் இதே 'கா' என்னும் வேரிலிருந்து கிளைத்ததுதான்.

இனி, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள தளத்தில் இடும் காப்புக்கான பெயர். 'மாடியிடை' பொருந்தாது, நிலவறைக்கு மேலுள்ள தரையை யாரும் மாடி என்பதில்லை. 'தளவிடை' இலக்கணப்படி சரியானாலும், கண் அதைத் தள, விடை என்று பிரித்துப் படித்துவிடுகிறது. 'தளத்திடைக் காப்பு' என்று சாரியை சேர்த்தால் இந்த இடர் இல்லை. காட்டிடை என்பதுபோல, தளத்தின் உடலுக்குள்ளேயே இடுவது என்ற பொருளும் கிடைக்கிறது.

இச்சொல்லுக்கு நாம் எழுதும் விளக்கக் குறிப்பில் ஒன்றைத் தவறாமல் சேர்க்க வேண்டும். மேலறையும் சூடேற்றப்படுவதாக இருந்தால் இரு பக்க வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும், அப்போது தளத்திடைக் காப்பால் கூடத்துக்குப் பெரும் பயன் இராது. மருமகனிடம் இதைத்தான் முதலில் கேட்டேன். மேலறை ஆளின்றிக் குளிர்ந்தே கிடக்கிறதாம்.

பலகைத் தளத்தைத் தாங்கும் மரத்தை நான் 'உத்தரம்' என்று எழுதியிருக்கிறேன். சிராங்கூன் சாலைப் பக்கத்துக் கடைவீடுகளில் பழைய பலகைத் தளங்களைப் பழுதுபார்க்கும் தச்சர்களிடம் வேறு பெயர் வழங்கினால், அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். அவர்கள் சொல்லையே ஏற்றுக்கொள்ளலாம்.